இருபத்தாறில் நின்ற பீர்

ஐந்தாம் நாள் காலையிலும் அதே எண்தான். ஃபெர்மென்டரின், அதாவது பீர் நொதிக்கும் பாத்திரத்தின், குழாயைத் திறந்து நான்கு சொட்டு எடுத்து, சர்க்கரையின் அளவைப் பார்க்கும் ரெஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடிமேல் விட்டு, மூடியைச் சாத்தி, ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தேன். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 6.5 பிரிக்ஸில், அதாவது 6.5 சதவீதச் சர்க்கரையில், நின்றது. சுவரில் ஒட்டியிருந்த அட்டவணைப்படி அது ஒப்படர்த்தி 1.026. அது கோதுமை பீர், 1.050இல் தொடங்கியது. 1.012 அல்லது 1.013 வரை இறங்கியிருக்க வேண்டும். முந்தைய நாளும் 6.5. அதற்கு முந்தைய நாளும் 6.5. நொதித்தல் பாதி வழியில் நின்றுவிட்டது என்று முடிவு கட்டினேன்.

இது நடந்தது 2019 ஜூலையில். பெங்களூரு இந்திராநகரில், பீரைத் தானே காய்ச்சிப் பரிமாறும் விடுதி ஒன்றில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பெரிய தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே, புதிய செய்முறைகளைச் சோதித்துப் பார்க்க 20 லிட்டர் சாமான்கள் தனியாக உண்டு: எவர்சில்வர் அண்டா, கேஸ் அடுப்பு, வெந்நீர்ப் பாத்திரம், மூடியில் காற்றுப்பூட்டு பொருத்திய பிளாஸ்டிக் ஃபெர்மென்டர். வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் வைத்திருப்பதும் ஏறக்குறைய இவைதான். கர்நாடகத்தில் உரிமம் இல்லாமல் பீர் காய்ச்சச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. உரிமம் பெற்ற கூரையின் கீழ் அந்தச் சிறிய அண்டா என் பொறுப்பில் விடப்பட்டது எனக்குப் பெரிய பேறு. அதனால்தான் அந்த 6.5 என் வயிற்றில் புளியைக் கரைத்தது.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிலோ எடை. மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தை, வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாறு, அதாவது வோர்ட், அதே ஒரு லிட்டரில் 1,050 கிராம் இருந்தால் அதன் ஒப்படர்த்தி 1.050. கூடுதலாக இருக்கும் ஐம்பது கிராமும் கரைந்த சர்க்கரையின் வேலை. நாங்கள் அதை ‘ஐம்பது’ என்றே சொல்வோம். இதை நேரடியாக அளப்பது ஹைட்ரோமீட்டர் என்ற மிதக்கும் கண்ணாடிக் குழல். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்க ஆக்க எண் இறங்கும். தொடக்க எண்ணிலிருந்து இறுதி எண்ணைக் கழித்து 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹாலின் சதவீதம் கிடைக்கும். எத்தனை சர்க்கரை வந்தது, எவ்வளவு நொதித்தது, பாட்டிலில் அடைக்கலாமா கூடாதா என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த இரண்டு எண்கள்தான் பதில். அவற்றில் ஒன்று எதிர்பாராத இடத்தில் நின்றால் பதற்றம் வருவது இயல்பு.

பதற்றத்தில் நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். ஃபெர்மென்டர் இருந்த அறையின் வெப்பநிலையை 19 டிகிரியிலிருந்து 23க்கு ஏற்றினேன். ஈஸ்ட் அடியில் படிந்து தூங்கிவிட்டது என்று எண்ணி, மூடியைத் திறந்து நீண்ட கரண்டியால் கலக்கினேன். மறுநாளும் 6.5. பதினொரு கிராம் உலர் ஈஸ்ட் பாக்கெட் ஒன்றை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றினேன். இரண்டு நாள் கழித்தும் 6.5. மறுபடியும் கலக்கினேன்.

எங்கள் மூத்த ப்ரூவர் கோலார் தங்கவயல்காரர். தாத்தா காலத்தில் சுரங்க வேலைக்காக வட ஆற்காட்டிலிருந்து போன குடும்பம். எல்லாருக்கும் அவர் அண்ணா. விஷயத்தைச் சொன்னதும் அவர் ஃபெர்மென்டர் பக்கம் போகவில்லை.

“எதில் பார்த்தாய் தம்பி?”

“ரெஃப்ராக்டோமீட்டரில் அண்ணா. ஹைட்ரோமீட்டர் போன வாரம் உடைந்துவிட்டது.”

“ருசித்துப் பார்த்தாயா?”

பார்க்கவில்லை. எட்டு நாளாக ஒரு மிடறுகூட வாயில் விட்டுப் பார்க்கவில்லை. 1.026இல் நிற்கும் பீர் உதட்டில் ஒட்டும் அளவுக்கு இனிக்கும். ஒரு தம்ளர் பிடித்துக் குடித்தேன். இனிப்பே இல்லை, நாக்கில் வறண்ட கோதுமைச் சுவை மட்டும். அண்ணா தன் மேசை இழுப்பறையிலிருந்து சொந்த ஹைட்ரோமீட்டரை எடுத்துக் கொடுத்தார். நீண்ட குவளையில் பீரை ஊற்றி அதை மிதக்கவிட்டேன். 1.011. அறைக்கு வெளியே சூடேறிய பீரின் வெப்பநிலை 28 டிகிரி, ஹைட்ரோமீட்டர் 20 டிகிரிக்குச் செய்யப்பட்டது. அந்த வித்தியாசத்துக்கு இரண்டு புள்ளி கூட்டினால் 1.013. பீர் எப்போதோ முடிந்திருந்தது. என் கணக்கில் பாதி வழியில் நின்ற பீரில் ஏற்கெனவே ஏறத்தாழ 4.9 சதவீதம் ஆல்கஹால் இருந்தது.

ரெஃப்ராக்டோமீட்டர் கெட்டுப் போகவில்லை. அது ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைத்தான் அளக்கிறது. தண்ணீரில் சர்க்கரை மட்டும் கரைந்திருக்கும்வரை அந்த வளைவைச் சர்க்கரையின் அளவாக மாற்றிச் சொல்லலாம். ஆல்கஹால் பிறந்த கணத்திலிருந்து அந்தக் கணக்கு செல்லாது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஆல்கஹாலுக்கு 1.36. ஆகவே ஆல்கஹாலும் ஒளியை வளைத்து, சர்க்கரை இன்னும் இருப்பதுபோலக் காட்டுகிறது. ஹைட்ரோமீட்டரும் இந்த விஷயத்தில் முழு உண்மை சொல்வதில்லை. ஆனால் அது பிசகுவது எதிர்ப்பக்கம். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது, ஒப்படர்த்தி 0.79தான். அதனால் குமிழ் சற்று ஆழமாக முங்கி, உள்ளதைவிடக் குறைவான சர்க்கரையைக் காட்டும். என் கோதுமை பீரில் ரெஃப்ராக்டோமீட்டர் 6.5 சதவீதம் என்றது. ஹைட்ரோமீட்டரின் 1.013 கிட்டத்தட்ட 3.3 சதவீதத்துக்குச் சமம். உண்மையில் கரைந்து மிச்சமிருந்தது ஏறத்தாழ 5. ஒரே பீரை ஒருவர் மேலே இழுக்கிறார், மற்றவர் கீழே இழுக்கிறார்; உண்மை நடுவே இருக்கிறது. காய்ச்சுகிறவர்கள் உலகம் முழுக்க ஹைட்ரோமீட்டரின் எண்ணையே இறுதி எண்ணாக வைத்துக்கொள்கிறார்கள் என்பதால் நாமும் அதையே வைத்துக்கொள்கிறோம். ரெஃப்ராக்டோமீட்டரையே பயன்படுத்துவதென்றால் தொடக்க பிரிக்ஸையும் சேர்த்துக் கொடுத்துத் திருத்தக் கணக்குப் போட வேண்டும். அதற்குக் கணிப்பான்கள் உண்டு. சுவரில் ஒட்டிய அட்டவணை நொதிக்காத வோர்ட்டுக்கு மட்டுமே உரியது.

அந்தப் பீரை யாருக்கும் கொடுக்கவில்லை. கூடுதல் ஈஸ்ட்டால் கெடுதல் இல்லை. முடிந்துபோன பீரில் இரண்டு முறை கரண்டி விட்டுக் காற்றைக் கலந்ததுதான் கெடுத்தது. பத்து நாளில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை ஏறிவிட்டது. குற்றமற்ற பீர் அது. எண்ணை நம்பி வைத்தியம் செய்து நான்தான் கெடுத்தேன். அன்று இரவு அல்சூரில் அறைக்குத் திரும்பியும் தூக்கம் வரவில்லை. 26 என்ற எண் வேறெங்கோ கேட்ட எண்ணாக மனத்தைக் குடைந்துகொண்டே இருந்தது.

தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் இரண்டு கறவை மாடுகள். அதிகாலையில் அம்மா கறந்து, கேனைத் தூக்கிக்கொண்டு பால் சங்கத்துக்குப் போவார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். எங்கள் வீடு சங்கத்துக்கு மிக அருகில். மடிச்சூடு ஆறுவதற்குள் வரிசையில் முதலாவதாக நிற்போம். ஒருநாள் அளப்பவர் பால்மானியை விட்டுப் பார்த்துவிட்டு, “இருபத்தாறு. தண்ணீர் கலந்திருக்கிறீர்கள்” என்றார். இருபத்தெட்டுக்கு மேல் இருக்க வேண்டும். வரிசையில் இருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னார். அம்மா ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காதவர். இந்தக் கேனை ஓரமாக வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள் என்று கேட்டார். வரிசை காத்திருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். அம்மா கேனைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் அதே நேரத்துக்குக் கறந்தார். அதே நேரத்துக்குப் போனார். ஆனால் வரிசையின் கடைசியில் போய் நின்றார். முறை வர முக்கால் மணி நேரம் ஆனது. பால்மானி இருபத்தொன்பது காட்டியது. அதன்பிறகு எங்கள் கேன் எப்போதும் கடைசிக் கேன்தான்.

கறந்த சூட்டோடு இருக்கும் பால் விரிந்து லேசாக இருக்கும். கறக்கும்போது நுரையாக ஏறிய காற்றும் உள்ளே இருக்கும். இரண்டும் பால்மானியைக் கூடுதலாக முங்க வைக்கும். அம்மா இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. ஆறினால் எண் மாறும் என்று கையனுபவத்தில் கண்டுகொண்டார். பால்மானியின் 26 என்பதும் என் அட்டவணையின் 1.026 என்பதும் ஒரே எண். பால்மானியில் முன்னால் உள்ள ஒன்றையும் சைபரையும் எழுதுவதில்லை, அவ்வளவுதான். நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவன். என் அம்மாமேல் விழுந்த அதே பழியை அதே எண்ணை வைத்து ஒரு பீர்மேல் போட்டிருக்கிறேன் என்று புரிந்தபோது மனம் மிகவும் கசந்தது.

அன்றிலிருந்து எண் பிசகினால் மால்ட்டையோ ஈஸ்ட்டையோ தொடுவதில்லை. முதலில் கருவி, அடுத்து மாதிரி, அப்புறம்தான் பீர். இந்த வரிசையை மாற்றியவர்கள் நல்ல பீரைக் கெடுப்பதை இந்த ஆறேழு ஆண்டுகளில் பலமுறை பார்த்துவிட்டேன்.

கருவியைச் சோதிப்பது ஐந்து நிமிட வேலை. ஆர்.ஓ. தண்ணீரை ஹைட்ரோமீட்டரில் குறித்திருக்கும் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து மிதக்கவிட வேண்டும், 1.000 காட்ட வேண்டும். சில கருவிகள் 20 டிகிரிக்குச் செய்யப்பட்டவை, சில 15.6க்கு, உள்ளே ஒட்டிய அளவுத் தாளில் பொடி எழுத்தில் இருக்கும். பெங்களூரின் ஆழ்துளைக் கிணற்று நீரிலோ டேங்கர் நீரிலோ சோதிக்கக் கூடாது. லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கரைந்திருந்தாலே எண் கிட்டத்தட்ட ஒரு புள்ளி ஏறிவிடும். அடுத்து நூறு கிராம் சர்க்கரையைத் தொள்ளாயிரம் கிராம் தண்ணீரில் கரைத்து அதில் மிதக்கவிட்டால் 1.040 வர வேண்டும். தண்ணீரில் சரியாக இருந்து சர்க்கரை நீரில் பிசகும் கருவிகளும் உண்டு. அவற்றைத் தூக்கிப் போடுவதே நல்லது.

இந்தச் சோதனையின் அருமை எனக்கு அடுத்த ஆண்டே தெரிந்தது. உடைந்ததற்குப் பதிலாக வாங்கிய புது ஹைட்ரோமீட்டரில் தொடர்ந்து மூன்று முறை தொடக்க எண் குறைந்தது. 1.048 வர வேண்டிய இடத்தில் 1.044, 1.045, 1.044. புதிதாக வாங்கிய மால்ட் மூட்டைமேல் சந்தேகம். பிறகு அரவை போதவில்லை என்று மில்லின் உருளை இடைவெளியைக் குறைத்தோம். அடுத்த தடவை மாவு நைசாகி, வடிகட்டும்போது தானியப் படுகை களிமண்போல இறுகி, இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக வடிந்தது. அப்புறம்தான் ஹைட்ரோமீட்டரை ஆர்.ஓ. தண்ணீரில் விட்டேன். 0.996. குழல்விளக்கின் அடியில் பிடித்து உற்றுப் பார்த்தேன். மெல்லிய கண்ணாடித் தண்டுக்குள் சுருட்டி ஒட்டியிருக்கும் அளவுத் தாளின் மேல் விளிம்பில் பழுப்புப் பசைத் தடம் தெரிந்தது. தாள் அந்தத் தடத்தை விட்டு ஒரு நூல் அளவு கீழே சரிந்திருந்தது. நான்கு புள்ளி. சர்க்கரை நீரிலும் 1.036 காட்டியது, அங்கேயும் அதே நான்கு. மூன்று தடவையும் மால்ட் தன் கடமையைச் சரியாகத்தான் செய்திருந்தது.

வெப்பநிலைத் திருத்தத்தைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். 20 டிகிரி கருவியை 30 டிகிரி வோர்ட்டில் விட்டால் இரண்டரைப் புள்ளி குறையும். 40 டிகிரியில் ஆறு. கொதிக்கும் வோர்ட்டில் நாற்பதை ஒட்டிப் போய்விடும்; அங்கே திருத்தக் கணக்கெல்லாம் நம்பகமில்லை, கண்ணாடி விரிசல் விடவும் கூடும். சிறிய எவர்சில்வர் தம்ளரில் மாதிரியை எடுத்து, ஐஸ் தண்ணீரில் வைத்துச் சுழற்றினால் மூன்று நிமிடத்தில் ஆறிவிடும். அதன்மேல் ஒரு தட்டைப் போட்டு மூட வேண்டும். ஆவியாகப் போகும் நீர் எண்ணை ஏற்றிவிடும்.

நொதித்துக்கொண்டிருக்கும் பீரில் இன்னொரு வம்பு குமிழிகள். கரைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடு சிறு முத்துகளாக ஹைட்ரோமீட்டரின் வயிற்றில் ஒட்டி அதைத் தூக்கும். டீக்கடையில் ஆற்றுவதுபோல இரண்டு தம்ளர்களுக்கு இடையே பத்துத் தடவை ஆற்றிவிட்டு, குவளையில் ஊற்றி, ஹைட்ரோமீட்டரை விரலால் ஒரு சுழற்று சுழற்றி விட வேண்டும். கண்ணைத் திரவ மட்டத்துக்கு இறக்கி, கண்ணாடியைப் பற்றி ஏறும் பிறையின் உச்சியை விட்டுவிட்டு, அதன் அடியைப் படிக்க வேண்டும். ஆற்றுவதற்கு முன் 1.016, ஆற்றிய பின் 1.012 என்று நானே பார்த்திருக்கிறேன்.

மாதிரியைப் பற்றிச் சொல்லும்போது, ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கலக்கிய பானைக்குத்தான் பொருந்தும். கெட்டியான மால்ட் பாகைக் கரைத்து, மேலே தண்ணீர் ஊற்றி 20 லிட்டராக்கும் முறையில் பாகு அடியிலும் தண்ணீர் மேலேயும் தங்கிவிடும். மேலே எடுத்தால் 1.030, அடிக்குழாயில் எடுத்தால் 1.065. இரண்டும் பொருட்படுத்தத் தக்கவையல்ல. பாகுக்கும் அதை உலர்த்திய பொடிக்கும் கணக்கு நிலையானது. உலர்ந்த மால்ட் சாற்றுப் பொடி ஒரு கிலோ, ஒரு லிட்டரில் ஏறத்தாழ 365 புள்ளி தரும். இரண்டே முக்கால் கிலோ போட்டு 20 லிட்டராக்கினால் ஐம்பதுதான் வரும், வேறு வழியே இல்லை. அங்கே எண் பிசகினால் கலக்கவில்லை, அல்லது கொள்ளளவு தவறு.

கொள்ளளவுதான் பாதிப் பேரை ஏமாற்றுகிறது. புள்ளிகளை லிட்டரால் பெருக்கிப் பாருங்கள். ஒருமுறை மழைநாளில் அடுப்பு சரியாக எரியாமல், 20 லிட்டருக்கு வற்ற வேண்டியது 22இல் நின்றது. எண் 1.046. 46ஐ 22ஆல் பெருக்கினால் 1012. அதை 20ஆல் வகுத்தால் ஐம்பதரை. மால்ட்டிலிருந்து வர வேண்டிய சர்க்கரை ஒரு துளி குறையாமல் வந்திருந்தது. கூடுதலாக இருந்தது தண்ணீர் மட்டுமே. இன்னும் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்டோம், முடிந்தது.

உண்மையாகவே சர்க்கரை குறைந்த சமயமும் உண்டு. அந்தத் தவறைத்தான் நான் மிகவும் நேசிக்கிறேன். 2021 பொங்கலுக்கு மாப்பிள்ளைச் சம்பா அரிசியில் ஒரு பீர் செய்ய ஆசைப்பட்டேன். மூன்றரைக் கிலோ மால்ட், ஒரு கிலோ அரிசி. அரிசியை அரை மணி நேரம் வேகவைத்து மேஷில், அதாவது மால்ட் வெந்நீரில் ஊறும் கலவையில், சேர்த்தேன். 1.051 எதிர்பார்த்தேன். வந்தது 1.040. கருவி சரி, வெப்பநிலை சரி, நன்றாகக் கலக்கியாயிற்று, கொள்ளளவும் 20. தனித்தனியாகக் கணக்குப் போட்டபோது மால்ட்டின் பங்கு முப்பத்தொன்பதரை என்று வந்தது. அரிசியின் பங்கு பதினொன்றரை. அது அப்படியே காணவில்லை. ஒரு கிலோ அரிசி ஏறக்குறைய ஒன்றுமே தராமல் அண்டாவில் கிடந்திருக்கிறது.

சமையலறையில் திண்டுக்கல்லைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் இருந்தார். வடித்து எடுத்த சக்கையைக் கொட்டப் போகும்போது எதிரே வந்தவர், கையைவிட்டு ஒரு சிவப்பு அரிசியை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் நசுக்கினார். வெளியே குழைந்திருந்தது; நடுவில் சுண்ணாம்புபோல வெள்ளைப் புள்ளி. “இது இன்னும் வேகவில்லையே. இராத்திரியே ஊறப் போடவில்லையா?” என்றார். அதன்மேல் ஒரு சொட்டு அயோடின் விட்டேன். வெள்ளைப் புள்ளி கருநீலமாக மாறியது. மாவுச்சத்து மாவுச்சத்தாகவே இருந்தது. அரிசியின் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி உப்பி உடைந்தால்தான் மால்ட்டின் நொதிகள் உள்ளே புக முடியும். தவிடு நீக்காத மோட்டா அரிசி அதற்கு வெகுநேரம் எடுக்கும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் சூடேறாது. அடுத்த முறை அரிசியை இரவு முழுக்க ஊறவைத்து, அண்ணனே தன் பெரிய குக்கரில் கஞ்சிப் பதத்துக்குக் குழையக் கொடுத்தார். 1.049.

அந்த 97ஐப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். பெங்களூரில் காய்ச்சுகிறவர்கள் வேறு ஊரில் எழுதப்பட்ட புத்தகத்தைப் பார்த்து வழுக்குகிற இடம் அது. தெர்மாமீட்டரைச் சரிபார்க்கக் கொதிநீரில் விட்டு 100க்குத் திருகி வைக்கிறார்கள். இங்கே அப்படிச் செய்தால் கருவி எப்போதும் மூன்று டிகிரி கூட்டிச் சொல்லும். 66இல் மேஷ் நடக்கிறது என்று எண்ணுவீர்கள், உண்மையில் 63. அந்தச் சூட்டில் மாவுச்சத்து சிறு சர்க்கரைகளாக அதிகம் உடையும், ஈஸ்ட் அவற்றை மிச்சமின்றித் தின்னும், 1.012 எதிர்பார்த்த பீர் 1.007இல் போய் முடியும். குடிக்கும்போது உடம்பில்லாமல் தண்ணீராக இருக்கும். மாறாக, மேஷ் தெரியாமல் 70ஐத் தொட்டுவிட்டால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத நீண்ட சர்க்கரைகள் மிஞ்சி, பீர் 1.018, 1.020இல் நிற்கும், எத்தனை பாக்கெட் ஈஸ்ட் கொட்டினாலும் இறங்காது. தெர்மாமீட்டரை நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த குழைவில் விட்டுப் பூஜ்யத்தைச் சரிபாருங்கள். பூஜ்யம் எந்த ஊரிலும் பூஜ்யம்தான்.

ஈஸ்ட் பழசானது, போதாதது, வோர்ட்டில் காற்று ஏறாதது, இரவில் குளிர்ந்து அடங்கிப்போனது ஆகியவை எல்லாம் பீர் நிற்பதற்கு மெய்யான காரணங்கள். ஆனால் அவற்றை ஊகிக்க வேண்டியதே இல்லை. காய்ச்சும் நாளிலேயே கால் லிட்டர் வோர்ட்டைத் தனி பாட்டிலில் எடுத்து, தாராளமாக ஈஸ்ட் போட்டு, வாயைத் தளர்வாக மூடி, 27 டிகிரிப் பக்கம் வெதுவெதுப்பாக வைத்து அவ்வப்போது குலுக்குங்கள். இரண்டு நாளில் அது எங்கே இறங்கி நிற்கிறதோ அதுதான் அந்த வோர்ட் போகக்கூடிய கடைசி எல்லை. பெரிய பாத்திரம் அதற்கு இரண்டு புள்ளிக்குள் வந்து நின்றால் பீர் முடிந்துவிட்டது. எட்டுப் புள்ளி மேலே நின்றால்தான் ஈஸ்ட்டுக்கு வைத்தியம். எங்கள் சிறிய அண்டாவுக்குப் பக்கத்தில் இந்தக் கால் லிட்டர் பாட்டில் இல்லாத நாளே இப்போது கிடையாது.

கடைசியாக, எண் உண்மையைச் சொன்ன தடவை. 2022 ஏப்ரலில் வெளிர் ஏல் வகைப் பீர் ஒன்று 1.012இல் மூன்று நாள் அசையாமல் நின்றது. கால் லிட்டர் பாட்டிலும் 1.011. பாட்டிலில் எப்படி முதிர்கிறது என்று பார்க்க எட்டு பாட்டில்கள் நிரப்பினோம். ஐந்து வாரம் கழித்து ஒன்றைத் திறந்தபோது நுரை நிற்கவே இல்லை. முக்கால் பாட்டில் தரையில் கொட்டியது. மிஞ்சியதை ஆற்றி அளந்தேன். 1.006. என் கையிலிருந்த வரிசைப்படியே போனேன். ஹைட்ரோமீட்டர் தண்ணீரில் 1.000. மாதிரி 20 டிகிரி. இரண்டு முறை ஆற்றியது. இரண்டாவது ஹைட்ரோமீட்டரிலும் 1.006. இந்த முறை பீர்தான்.

அடைத்த பாட்டிலுக்குள் ஒரு புள்ளி இறங்கினால் பீரின் கொள்ளளவில் ஏறத்தாழ அரை மடங்கு கார்பன் டைஆக்சைடு கூடும். வழக்கமான நுரைக்கு இரண்டரை மடங்கு போதும். ஆறு புள்ளி இறங்கியதால் அதன்மேல் இன்னும் மூன்று மடங்கு ஏறியிருந்தது. கண்ணாடி வெடிக்கும் எல்லையை அது நெருங்கிவிட்டது. மிச்சமிருந்த ஏழு பாட்டில்களையும் தடித்த கையுறையும் கண் கவசமும் அணிந்து, கனமான துணியால் போர்த்தி, ஒவ்வொன்றாகக் குளிர்பெட்டிக்குள் வைத்தோம். இரண்டு நாள் உறையும் குளிரில் கிடந்த பிறகு, துணிக்கு அடியிலேயே மூடிகளை நெம்பித் திறந்தோம். அப்படிப்பட்ட பாட்டில்களைச் சூட்டோடு தூக்கிப் பார்க்கவோ குலுக்கிப் பார்க்கவோ கூடாது. தயவுசெய்து கூடாது.

காரணத்தைத் தேடி ஃபெர்மென்டரை முழுசாகக் கழற்றினேன். அதற்கு முந்தைய மாதம் அதே ஃபெர்மென்டரில் ஒரு சேசான் பீர் நொதித்திருந்தது. சேசான் ஈஸ்ட்டுகளில் சில, நீண்ட சர்க்கரைகளை வெட்டும் நொதியைத் தாமே வெளியிடுபவை, எஸ்.டி.ஏ.1 என்ற மரபணு அவற்றில் இருக்கிறது. மற்ற ஈஸ்ட் விட்டுவைத்ததை அவை வாரக்கணக்கில் பொறுமையாக வெட்டித் தின்னும். மூன்று நாள் எண் நிலையாக நின்றாலும் அவை அப்போதுதான் வேலையைத் தொடங்கியிருக்கும். குழாயை உள்ளிருந்து இறுக்கும் ரப்பர் வாஷரைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தேன். அதன் பின்புறத்தில் வளையம்போல பழுப்புநிறப் படலம். விரலில் தொட்டால் கொழகொழப்பு, மூக்கில் மிளகும் கிராம்பும் கலந்த சேசானின் வாசனை. வெந்நீரும் காரமும் கிருமிநீக்கியும் விட்டுக் கழுவிய போதெல்லாம் அந்த வாஷரை நான் கழற்றியதில்லை.

குழாய், வாஷர், காற்றுப்பூட்டின் ரப்பர் எல்லாவற்றையும் மாற்றினோம். சேசானுக்கென்று தனி ஃபெர்மென்டர் ஒதுக்கி, அதன் மூடியில் சிவப்புப் பெயின்ட் அடித்தோம். அதே வெளிர் ஏலை மறுபடி காய்ச்சினேன். 1.048இல் தொடங்கி 1.011இல் நின்றது. இந்த முறை ஐந்து பாட்டில்கள் மட்டும் நிரப்பி, வாரம் ஒன்றாகத் திறந்து, ஆற்றி, 20 டிகிரிக்குக் கொண்டுவந்து அளந்தேன். 1.011, 1.011, 1.010, 1.011, 1.011. குறிப்பேட்டில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் வெப்பநிலையையும் எந்த ஹைட்ரோமீட்டர் என்பதையும் எழுதியிருக்கிறேன். மூன்றாம் வாரத்து 1.010க்கு எதிரே, பீர் 24 டிகிரியில் இருந்தது என்று இருக்கிறது.